மூன்று மீட்டருக்குள்

தார்ப்பாய் அக்கா ரெஃபரி ஆனதற்கு ஒரே காரணம், அன்றைக்குப் பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்ற எல்லாரும் ஒரே சமயத்தில் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்ததுதான்.

“பழைய ரெஃபரிக்கு மாற்றலாயிடுச்சு,” என்றார் மாஸ்டர். டீமுக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர். பகலில் டயர் கடை. “டீமுக்கு ஒருத்தராவது பரீட்சை பாஸ் பண்ணின ரெஃபரி வேணுமாம். இல்லேன்னா லீக்ல சேர்க்க மாட்டாங்களாம். யாராச்சும் கையைத் தூக்குங்க. வேணும்னா நான் கண்ணை மூடிக்கறேன்.”

உண்மையிலேயே மூடிக்கொண்டார். திறந்தபோது அக்காவின் கை மேலே இருந்தது. கையில் தண்ணீர் பாட்டில், அதில் செருகிய ஸ்ட்ரா ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று மகனுக்குச் சைகை காட்டத்தான் தூக்கினேன் என்று பிற்பாடு வீட்டில் சொல்லிப் பார்த்தாள். யாரும் நம்பவில்லை.

“வீட்ல விசில் ஊதுறது பத்தலையா உனக்கு?” என்றார் அவள் புருஷன். ஐஸ் ஃபேக்டரியில் வேலை. கோடையிலும் ஸ்வெட்டரோடு வீட்டுக்கு வருகிற மனுஷன். “இனிமே சம்பளம் இல்லாம வெளியிலயும் ஊதப் போறியா?”

“அப்பா, அம்மா எனக்கு ரெட் கார்டு குடுத்துட்டா வீட்ல சோறு உண்டா?” என்றான் மகன்.

“அது தனி டிபார்ட்மெண்ட்,” என்றாள் அக்கா.

மோட்டார் வைத்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஆடுகிற கால்பந்து அது. பக்கத்துக்கு நாலு பேர். பந்து வழக்கமானதைவிடப் பெரிசு. காலுக்கு முன்னால் ஒரு தடுப்பு மாட்டியிருப்பார்கள். தள்ளுவதும் அடிப்பதும் அதால்தான். ஓங்கி அடிக்க நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அக்காவின் மகன் அதில் கெட்டிக்காரன். கழுத்துக்குக் கீழே அவன் சொன்னபடி கேட்பது வலது கையில் மூன்று விரல்கள் மட்டும். அந்த விரல்களால் ஜாய்ஸ்டிக்கை ஒரு தட்டுத் தட்டினால் பந்து மறுகோடிக்குப் போகும். டீமில் அவன் பெயர் பம்பரம். எதிராளியை இடித்து இடித்தே ஃபவுல் வாங்குகிற ஒரு பெண் இருந்தாள். அவள் பெயர் இடி. கோல் கீப்பர் ஒருவன் இருந்தான், பூட்டு. அவனைத் தாண்டிப் பந்து உள்ளே போகாது.

பூட்டு போன மழைக்காலத்தில் செத்துப்போனான். சாதாரண சளி என்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்குச் சதை தளர்ந்துகொண்டே போகும், கடைசியில் நெஞ்சுக்கூடும் தளரும். அது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். பெஞ்சில் அதை யாரும் பேசுவதில்லை. மழையைப் பற்றிப் பேசுவார்கள், பேட்டரி விலையைப் பற்றிப் பேசுவார்கள்.

*

அக்கா வேலை பார்த்தது லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற பட்டறையில். நீளமான கூடம். தரையெல்லாம் தார்ப்பாய் விரிந்து கிடக்கும். அதன்மேல் வெறுங்காலோடு நடந்து, சாக்கட்டியால் கோடு போட்டு, மடித்து, பெரிய மெஷினில் ஓட்டுவாள். ஓரத்தில் வளையம் அடிக்கிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். மெழுகு போட்ட நூல் வாசனை அவள் விரல்களை விட்டுப் போகாது. ரெஃபரி வகுப்புக்குப் போய்வந்த அடுத்த நாள், கழிவுத் துண்டுகளை ஒட்டுத் தைத்து ஒரு பெரிய வட்டம் செய்தாள்.

“என்னக்கா இது, யானைக்குத் தொப்பியா?” என்றாள் பக்கத்து மெஷின்காரி.

“நடுவுல பந்து இருக்குன்னு வச்சுக்கோ. சுத்தி மூணு மீட்டர். இதுக்குள்ள ஒரு டீம்லேர்ந்து ஒரு ஆள்தான் இருக்கலாம். ரெண்டாவது ஆள் நுழைஞ்சா ஃபவுல். நாற்காலி எல்லாம் ஒரே எடத்துல குமிஞ்சு முட்டிக்கக் கூடாதுல்ல, அதுக்கு.”

“கோலுக்குள்ள நிக்கிற கீப்பர்?”

“அவன் மட்டும் விதிவிலக்கு. அவன் கோல் பக்கத்துல நிக்கறவரைக்கும் கணக்குல சேராது.”

அந்த வட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் விரித்தாள். அவள் புருஷன் ஐஸ்காரர் எதிராளியாக இருந்தார், கோல் கம்பமாக இருந்தார், சில சமயம் பந்தாகவும் இருந்தார். மகன் நாற்காலியில் ஓரமாக நுழைவான். அவள் ஊதுவாள். சக்கரம் கோட்டைத் தொட்டதா தொடவில்லையா என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டுவார்கள். ஐஸ்காரர் கால் நீட்டிப் படுத்தபடி, “பந்துக்குப் பசிக்குது,” என்பார்.

அந்தக் கொஞ்ச நாள் வீடு நன்றாகத்தான் இருந்தது. மகனின் மூன்று விரலில் ஒன்று சரியாக மடங்கவில்லை என்பதை அக்கா அப்போதே பார்த்திருந்தாள். சோறு ஊட்டும்போது, நகம் வெட்டும்போது அந்த விரல் ஜில்லென்றிருக்கும். விரலுக்குப் பதில் முகவாயால், நாடியால் ஓட்டுகிற ஜாய்ஸ்டிக் வாங்கலாம் என்று டாக்டர் சொன்னார். மகன் முடியாது என்றான்.

*

பயிற்சி ஆட்டங்களில் ஊதிப் பழகச் சொன்னார் மாஸ்டர். ஆடுகிற இடம் பழைய கிடங்கு. மரத்தரை போட்டிருந்தார்கள். தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்த வருஷ மழை சாயங்காலமானால் தவறாமல் வந்தது. பெரிய கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். வெளிச்சம் சாம்பல் நிறத்தில் உள்ளே வரும்.

முதல் ஆட்டத்திலேயே இடது கம்பத்துக்குப் பக்கத்தில் பந்து போனது. மகன் அதை எடுக்கத் திரும்பினான். அக்கா ஊதினாள்.

“ரெண்டு பேர்,” என்று சைகை காட்டினாள்.

மகன் நாற்காலியை நிறுத்தினான். இடி அந்தக் கோடியில் இருந்தாள். இன்னொருவன் நடுக்கோட்டில். இப்போது கீப்பராக நிற்கிற கண்ணாடிப் பையன் வலது கம்பத்தில்.

“யாருக்கா ரெண்டாவது ஆளு?” என்றார் மாஸ்டர்.

அக்கா பார்த்தாள். யாருமில்லை. “ஒரு பின்சக்கரம் தெரிஞ்சுது,” என்றாள்.

“உங்க மகனோடதா இருக்கும். அவனுக்கு அது ரெண்டு இருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். மகன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த பயிற்சியிலும் அதே இடத்தில் ஊதினாள். நேராகப் பார்த்தால் வெறும் தரை. பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கண்ணின் ஓரத்தில், ஒரு சாம்பல் நிறச் சக்கரம் மெதுவாக உள்ளே வந்தது. தேய்ந்த டயர். பக்கத்துத் தகட்டில் ஒரு மூலை நசுங்கியிருந்தது. தலை திருப்பினால் இல்லை. ஒரு தடவை மழை சட்டென்று நின்றபோது மோட்டார்களின் ரீங்காரம் தனியாகக் கேட்டது. அவள் ஊதி எல்லாரையும் நிறுத்தினாள். ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியில் ஒன்று மட்டும், கோல் பக்கம், கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அடங்கியது.

“யாரோட மோட்டார் அது?” என்றாள்.

“மழைத்தண்ணி குழாய்ல போகுதுக்கா,” என்றார் மாஸ்டர். “கண்ணை ஒரு தடவை காட்டிடுங்களேன்.”

காட்டினாள். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

*

மழைநாளில் பயிற்சி முடிந்து வந்ததும் ஒரு வேலை உண்டு. வாசலில் நாற்காலியை நிறுத்தி, சக்கரத்தைப் பழந்துணியால் துடைத்து, பிறகு கூடத்தில் விழுந்த ஈரக் கோட்டைத் துடைக்க வேண்டும். ஐஸ்காரர்தான் துடைப்பார். வேலையில் ஈரத்தோடு ஈரமாக இருப்பவர் வீட்டில் ஈரம் கண்டால் பொறுக்க மாட்டார்.

அன்றைக்கு அவர் துணியோடு குனிந்தவர் அப்படியே நின்றார்.

“ஏம்மா, வண்டியை ரெண்டு தடவை உள்ள கொண்டு வந்தியா?”

“ஒரு தடவைதான்.”

“அப்ப இது?”

வாசலிலிருந்து மகனின் அறை வரை இரண்டு கோடு போயிருந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு கை தள்ளி, இன்னும் இரண்டு கோடு. மகனின் டயர் புதுசு. தடத்தில் மீன்முள் மாதிரி வரி விழும். மற்ற இரண்டில் வரியே இல்லை. தேய்ந்த டயர்.

ஐஸ்காரர் அவளைப் பார்த்தார். அவள் துணியை வாங்கித் தானே துடைத்தாள். தண்ணீர் அவர் ஃபேக்டரித் தொட்டியில் இருக்கிறமாதிரி குளிர்ந்திருந்தது. அறைக்குள் மகன் யாரிடமோ பேசிச் சிரிப்பது கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவன் தனியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மகனுக்குத் தலை குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தாள். அவன் தலையைத் தன் வயிற்றில் சாய்த்துப் பிடித்திருந்தாள். அவன் முகம் அவளுக்குத் தெரியாது. சில பேச்சுக்கு அதுதான் வசதி.

“பூட்டோட நாற்காலில ஒரு பக்கத் தகடு நசுங்கியிருக்கும்ல?” என்றாள்.

“இடி இடிச்சது. நீதான் அன்னிக்கு அவளைத் திட்டினே.” கொஞ்சம் பொறுத்து, “அப்ப நீ நெஜமாவே பாத்திருக்கே,” என்றான்.

துவட்டுகிற கை நின்றுவிட்டது.

“நாங்க எல்லாரும் பாக்கறோம்மா. நாற்காலில உக்காந்திருக்கற எல்லாரும். நின்னு பாக்கறவங்கள்ல நீதான் மொதல் ஆளு. கண்ணாடி ஏன் எப்பவும் வலது கம்பத்துல நிக்கிறான்? இடது பக்கம் பூட்டு இருக்கான். இந்த மழை ஆரம்பிச்சதுலேர்ந்து இடது பக்கமா ஒரு கோல் விழுந்துருக்கா, சொல்லு?”

விழுந்ததில்லை. பந்து அங்கே போய் எதிலோ முட்டித் திரும்பும். தரை சரிவு என்று மாஸ்டர் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் கோல்லயே நின்னா பரவால்லடா. நேத்து நடுவீட்டுக்கு வந்திருக்கான்.”

அவள் மறுபடி துவட்ட ஆரம்பித்தாள்.

“உன்னைக் கூப்பிடறானா?”

“அவன் கூட்டிட்டுப் போக வரலம்மா. அவனுக்கு எங்க போறதுன்னு தெரியல. ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் கெளம்பினா, யாராவது ஒருத்தர் பின்னாடி வர்றான். போன வாரம் இடி வீட்டு வரைக்கும் போயிருக்கான். அவளுக்கு மூணு நாள் காய்ச்சல்.” அவன் குரல் தணிந்தது. “அவன் கூட வந்தா கை மரத்துப் போகுது. ஆனா வலிக்கல. நீ ஊதி வெளிய அனுப்பிடாதம்மா. அவன் விசிலுக்கு ரொம்ப மரியாதை குடுப்பான், ஊதினா போயிடுவான். அவனுக்கு அங்க ஒரு எடம் இல்லேன்னா அப்புறம்…”

முடிக்கவில்லை. அப்புறம் எனக்கு மட்டும் எங்கே இருக்கும் என்பதுதான் மீதி. அவள் அதை அவன் வாயால் கேட்க விரும்பாமல் துண்டால் காதைத் துடைத்தாள்.

*

பூட்டின் அம்மா முட்டை மண்டியில் வேலை பார்த்தாள். இருட்டு அறை, ஒரு பெட்டிக்குள் பல்பு எரியும், பெட்டியில் ஒரு ஓட்டை. ஒவ்வொரு முட்டையாக ஓட்டையில் வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை இன்னொரு தட்டிலும் வைக்க வேண்டும். அக்கா போனபோது அவள் முகத்தில் அந்த ஓட்டை வெளிச்சம் மட்டும் விழுந்திருந்தது.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அக்கா மழையைப் பற்றிப் பேசினாள். வீட்டைப் பற்றிக் கேட்டாள்.

“வீட்டை மாத்திட்டோம், உங்களுக்குத் தெரியாதில்ல,” என்றாள் அவள். “அந்த வீட்ல இருக்க முடியல. எல்லாக் கதவும் அவனுக்காக அகலப்படுத்தினது. காரியம் முடிஞ்ச கையோட காலி பண்ணிட்டோம். நாற்காலியையும் வேற ஊர்ல ஒருத்தருக்குக் குடுத்துட்டாரு இவரு.”

“புது வீடு எங்க?”

“மில்லுக்குப் பின்னாடி. தண்ணித் தொட்டியை ஒட்டின சந்துல கடைசி வீடு. பச்சைக் கதவு. ஏன் கேக்கறீங்க?”

அக்கா சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை பூட்டின் அம்மா முட்டைகளை வைத்து எடுத்துக்கொண்டேயிருந்தாள். கை தப்பவில்லை. பிறகு ஒரு முட்டையை வெளிச்சத்தில் வைத்தபடி எடுக்காமல் விட்டுவிட்டாள்.

“எனக்கு ஒரு தடவைகூட வரலையே. கனவுலகூட வரல. அம்மா மேல கோவமான்னு நெனச்சு நெனச்சு… அவனுக்கு வீடே தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“அங்க வாசல்ல படி இருக்கே,” என்றாள் அவள். அழவில்லை. நிஜமாகவே யோசித்தாள். “உயரமான படி. அதுல எப்படி ஏறுவான்?”

*

மறுநாள் பரீட்சை ஆட்டம். அவர்கள் கிடங்கிலேயேதான் நடந்தது. வெளியூர் டீம் ஒன்று வேனில் வந்து இறங்கியது. அக்கா எப்படி ஊதுகிறாள் என்று பார்த்து மார்க் போட ஒரு மேடம் வந்திருந்தார். அந்தக் காலத்தில் நன்றாக ஆடியவராம். தாமும் மோட்டார் நாற்காலியில்தான் வந்தார், நாடியால் ஓட்டினார். அதிகம் பேசவில்லை.

காலையில் சட்டை மாட்டிவிடும்போது அக்கா மகனிடம் பூட்டின் வீட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

“சரி, சொல்லலாம். இன்னிக்கு ஆடட்டும், அப்புறம் சொல்லலாம்,” என்றான் அவன். “ஒரு ஆட்டந்தானேம்மா.”

அவள் பொத்தானைப் போட்டுக்கொண்டே சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

வேகத்தைச் சோதித்தாள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கோட்டுக்குக் கோடு ஓடின. பெல்ட்டுகளை இழுத்துப் பார்த்தாள். இடியைப் பார்த்து, “இன்னிக்கு இடிக்காம ஆடு,” என்றாள்.

“ஆன்ட்டி, பேரைக் கெடுத்துக்கச் சொல்றீங்களே,” என்றாள் இடி. ஆனால் அவள் கண் இடது கம்பத்துப் பக்கம் போய்ப் போய் வந்தது.

முதல் பாதியில் யாருக்கும் கோல் இல்லை. அக்கா சரியாகத்தான் ஊதினாள். சாம்பல் சக்கரம் கம்பத்தை ஒட்டியே நின்றது. கீப்பர் நிற்கிற இடத்தில் நிற்பவனுக்கு விதிவிலக்கு உண்டு என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு பந்து நேராக அங்கே போய், முட்டிய சத்தத்தோடு திரும்பி வந்தது. வெளியூர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது பாதியில் மழை வலுத்தது. கூரைச் சத்தத்தில் அவள் விசிலே அவளுக்குத் தூரத்திலிருந்து கேட்டது. கதவு வழியாகச் சாரல் அடித்து மரத்தரை ஓரமாக நனைந்தது. மாஸ்டர் துணி போட ஓடினார். பந்து கதவுப் பக்கமாக உருண்டது. மகன் அதைத் துரத்திப் போனான். சாம்பல் சக்கரம் கம்பத்தை விட்டு வெளியே வந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக, நேராகப் பார்த்தும் அது மறையவில்லை. நசுங்கிய தகடு, காலடித் தடுப்பு, பெல்ட்டுக்குள் நீலப் பனியன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மழை வெளிச்சம்.

இரண்டு நாற்காலியும் பக்கத்தில் பக்கத்தில் போயின. பந்தைத் தாண்டியும் போயின. அக்கா மகனின் கையைப் பார்த்தாள். கை ஜாய்ஸ்டிக்கில் இல்லை. மடியில் நழுவி விழுந்து, உள்ளங்கை மேலே பார்த்துக் கிடந்தது. தலை பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. நாற்காலி மட்டும், யாரும் ஓட்டாமல், மற்றதோடு சேர்ந்து, திறந்த கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கதவுக்கு அப்பால் சாரலைத் தவிர எதுவும் தெரியவில்லை.

அவள் ஊதினாள். அடிவயிற்றிலிருந்து ஊதினாள்.

எல்லாம் நின்றன. மகனின் நாற்காலியும் நின்றது. அவன் தலை ஆடி நிமிர்ந்து, தூக்கத்திலிருந்து எழுந்தவன்போல் சுற்றிப் பார்த்தான்.

அக்கா போய் அந்த வெற்றிடத்துக்கு முன்னால் நின்றாள். குளிர் அவள் முழங்கால் வரை இருந்தது. முதலில் ஃபவுல் சைகை காட்டினாள். பிறகு கொஞ்சம் குனிந்து, அவன் உயிரோடு இருந்தபோது பெல்ட் மாட்டிவிட்ட குரலிலேயே பேசினாள்.

“பூட்டு, ரெஃபரியைக் கேக்காம உள்ள வந்திருக்கே. அது தப்பு, உனக்கே தெரியும். நீ வெளிய போகணும். சும்மா போகச் சொல்லல கண்ணு. உங்கம்மா வீடு மாத்திட்டாங்க. மில்லுக்குப் பின்னாடி, தண்ணித் தொட்டியை ஒட்டின சந்து. கடைசி வீடு. பச்சைக் கதவு. அங்க போ. அம்மா எதிர்பாத்துட்டு இருக்காங்க.”

இடி மூக்கை உறிஞ்சினாள்.

பிறகு மோட்டார் சத்தம் ஒன்று கிளம்பியது. அதை அன்றைக்கு அங்கிருந்த எல்லாருமே கேட்டார்கள். குழாய்த் தண்ணீர் என்று மாஸ்டர் சொல்லவில்லை. கதவோரம் மாஸ்டர் விரித்திருந்த துணியின்மேல் இரண்டு பள்ளம் மெதுவாக நகர்ந்து போனது. வாசலில் தேங்கிய தண்ணீர் இரண்டாகப் பிரிந்து மறுபடி கூடியது.

அக்கா எதிர் டீமுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தாள். அவர்கள் ஒருவனுக்குத் தள்ள, அவன் சுழன்று அடித்தான். பந்து இடது கம்பத்தை ஒட்டி, தடங்கலே இல்லாமல் உள்ளே போனது. ஆட்டம் அந்த ஒரு கோலோடு முடிந்தது.

மேடம் அவளைத் தனியாக அழைத்தார்.

“யாரோட பேசினீங்க?”

“உள்ள வந்திருந்த ஆளோட.”

மேடம் கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். “நல்லபடியா போயிட்டானா?”

“போயிட்டான்னுதான் நெனைக்கறேன்.”

“சைகை காட்டும்போது முழங்கையை இன்னும் நல்லா நீட்டணும்,” என்றார் மேடம். “மத்தபடி பாஸ்.”

*

மகன் அவளோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட்டான். ஊட்டினால் வாயைத் திறந்தான், கண்ணைத் திறக்கவில்லை. இடையில் நின்ற ஐஸ்காரர்தான் பாடாய்ப் பட்டார். “ரெஃபரியை நீ ஃபவுலுன்னு சொல்றே, ரெஃபரி உன்னை ஃபவுலுன்னு சொல்றாங்க. நான் பந்து மாதிரி உருள்றேன்,” என்றார். யாரும் சிரிக்காததைப் பார்த்து ஸ்வெட்டரைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

ஒருநாள் வேலை முடிந்து அக்கா மில்லுக்குப் பின்னால் அந்தச் சந்துக்குப் போனாள். பச்சைக் கதவு வீட்டுப் படியின்மேல் ஒரு நீளப் பலகையைச் சரிவாகப் போட்டு, நகராமலிருக்க இரண்டு பக்கமும் செங்கல் வைத்திருந்தார்கள். பூட்டின் அம்மா வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பலகை காய்ந்துதான் இருந்தது, மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனால் அதன்மேல் இரண்டு ஈரக் கோடு ஏறி, வாசற்படி தாண்டி, உள்ளே போயிருந்தது.

“கால் வச்சுடாதீங்க,” என்றாள் பூட்டின் அம்மா. “நான் அதைத் துடைக்கறதில்ல.” பிறகு, “உள்ள வாங்க, டீ போடறேன். ஓரமா வாங்க,” என்றாள்.

அக்கா ஓரமாகப் போனாள். வீட்டுக்குள் ஒரு மூலை மட்டும் ஜில்லென்றிருந்தது. அங்கே ஒரு கம்பளியை மடித்து வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் அதற்கு முதுகைக் காட்டாமல் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயம் மகனுக்குச் சளி பிடித்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தான். அக்கா பட்டறைக்கு லீவு போட்டாள். ஐஸ்காரர் வேலையிலிருந்து நேராக வந்து, கைகளைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டுதான் மகனைத் தொடுவார். பிழைத்து வந்தான். வரும்போது மூச்சு விட உதவுகிற ஒரு மெஷினும், மூக்கில் மாட்டுகிற முகமூடியும் கூட வந்தன. விரல்களில் ஒன்றுதான் மிச்சம். நாடி ஜாய்ஸ்டிக்குக்கு அவனே சம்மதித்தான். “அந்த மேடம் ஓட்டினாங்களே, அது மாதிரி,” என்றான். அதை அப்பாவைப் பார்த்துச் சொன்னான்.

புது ஜாய்ஸ்டிக் வந்த மத்தியானம் அதை மாட்டி, நாடிக்கு உறுத்தாமலிருக்க மென்மையான துணியில் ஒரு உறை தைத்துப் போட்டாள் அக்கா. அவன் முதல் தடவை சுவரில் போய் முட்டினான். இரண்டாம் தடவை அலமாரியில். மூன்றாம் தடவை கூடத்து நடுவில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, அவளுக்கு நேராக வந்து நின்றான்.

“அம்மா,” என்றான்.

அவள் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

“நான் அப்படி வந்து நின்னா, ஊதுவியா?”

எப்படி, எங்கே என்று அவள் கேட்கவில்லை. அடுப்படியில் ஐஸ்காரர் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. தெருவில் யாரோ சைக்கிள் பெல் அடித்துப் போனார்கள். அவள் அவன் நாடிக்கடியில் உறை சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

“ஊதுவேன்,” என்றாள்.

“பாத்த உடனேயேவா?”

“உடனே இல்ல. மொதல்ல கொஞ்ச நேரம் ஆட விடுவேன்.”

அவன் யோசித்தான்.

“இடைவேளை வரைக்கும்?”

“இடைவேளை வரைக்கும்,” என்றாள். அவன் பார்வை விலகாததைக் கண்டு, “சரி, ஒரு கோல் போடற வரைக்கும்,” என்றாள்.

“அப்ப நான் போடவே மாட்டேனே,” என்றான் மகன். முகமூடித் தழும்பு விழுந்த மூக்கோடு, அந்த மழைக்கு அப்புறம் முதல்தடவையாக, அவளைப் பார்த்துச் சிரித்தான்.